ஷமாஷ்: கடவுளா, மாஜிஸ்திரேட்டா?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி, மாலை 6.15

பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக் கல்லின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர் சூரியக் கடவுள் என்கிறார்கள். அப்படியென்றால் எகிப்துக்கு ரா மாதிரி பாபிலோனுக்கும் அசீரியாவுக்கும் சூரியன்தான் தலைமைக் கடவுள் என்று எடுத்துக்கொள்ளலாம்தானே? பிறகு ஏன் எங்கே பார்த்தாலும் மர்துக், மர்துக் என்றே போட்டிருக்கிறது?

11 ஜனவரி, இரவு 10.40

எடுத்துக்கொள்ள முடியாது. சூரியன் அங்கே பெரிய கடவுள்தான், மூத்த கடவுள் கிடையாது. அவருக்கு அப்பா உண்டு, அப்பா சந்திரன். சந்திரனுக்குச் சுமேரி மொழியில் நன்னா, அக்காடி மொழியில் சின். சூரியனுக்குச் சுமேரியில் உது, அக்காடியில் ஷமாஷ். இஷ்தார் கூடப்பிறந்தவள். சந்திரனுக்குச் சூரியன் பிள்ளை என்பது நமக்குத் தலைகீழாகப் படும். ஆனால் அவர்களுக்கு நாள் தொடங்குவது பொழுது சாய்ந்ததும், மாதம் தொடங்குவது பிறை கண்ணில் பட்டதும். இரவு முதலில் வந்துவிடுகிறது, பகல் அதற்குப் பிறக்கிறது. கணக்கு சரிதான்.

கோயில் எழுத்தர்கள் கடவுள்களுக்கு எண்ணே கொடுத்திருந்தார்கள். அனுவுக்கு 60, என்லிலுக்கு 50, ஏயாவுக்கு 40, சின்னுக்கு 30 (மாதத்துக்கு 30 நாள்), அதற்கு அப்புறம்தான் ஷமாஷ், 20. இஷ்தாருக்கு 15. பெயரை எழுதச் சோம்பலாக இருந்தால் கடவுள் குறியைப் போட்டு 20 என்று எழுதினால் போதும், ஷமாஷ் என்று படித்துக்கொள்வார்கள். ரேங்க் கார்டுபடி ஐந்தாம் இடம். மர்துக் பாபிலோன் நகரத்தின் சொந்தக் கடவுள். நகரம் பெரிதானதும் அவரும் பெரிதானார்.

ஷமாஷின் சொந்த ஊர்கள் இரண்டு. வடக்கே சிப்பர், தெற்கே லார்சா. இரண்டு இடத்திலும் கோயிலின் பெயர் ஒன்றே: எபாபர், பளீரென்ற வெள்ளை வீடு. வெள்ளை மாளிகை என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம், வேறு யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள்.

மனைவி பெயர் ஆயா. ஆமாம், ஆயாதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

12 ஜனவரி, காலை

கல்லுக்கு வருகிறேன். உயரம் 2.25 மீட்டர், கறுப்புக் கல், பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மேலே ஒரு காட்சி. கடவுள் உட்கார்ந்திருக்கிறார், தலையில் கொம்புகள் அடுக்கிய கிரீடம், இரண்டு தோளிலிருந்தும் தீ நாக்குகள் மாதிரி கதிர்கள் எழும்புகின்றன. கால் வைத்திருக்கும் இடம் மீன் செதில் போல் இருக்கும், அது மலை என்பதற்கான குறி. எதிரே ஹமுராபி நின்றுகொண்டு, வலது கையை வாய்க்கு நேரே தூக்கியிருக்கிறான். பெரியவர்கள் முன்னால் வாய்பொத்தி நிற்கும் வழக்கம் நம் ஊரிலும் இருந்ததால் அந்தக் கையை எனக்குப் பார்த்ததும் புரிந்தது.

பல இடங்களில் "ஷமாஷ் சட்டத்தை ஹமுராபியிடம் கொடுக்கிறார்" என்று எழுதுகிறார்கள். கொடுப்பது ஒரு கோலும் வளையமும்தான், அரசனுக்குரிய அடையாளங்கள். சட்டங்களை நான் எழுதினேன் என்றே ஹமுராபி கல்லில் சொல்கிறான். ஷமாஷிடமிருந்து வந்தது உண்மை, நியாயம் எது என்கிற அறிவு. அந்த வித்தியாசம் சின்னதில்லை. நீதிபதி வேறு, சட்டசபை வேறு.

அதோடு, முன்னுரை தொடங்குவது ஷமாஷை வைத்தில்லை. அனுவும் என்லிலும் மர்துக்குக்கு உயர்வு கொடுத்தார்கள் என்றுதான் தொடங்குகிறது. ஆக எழுத்தில் மர்துக் முதலில், படத்தில் ஷமாஷ் மேலே. எழுத்து படிக்கத் தெரியாத ஆள் யாரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி வந்த வழியும் அதுதான்.

12 ஜனவரி, கொஞ்சம் கழித்து

ஒரு ஆள் தனிச்செய்தியில் கேட்டார், கல் பாபிலோனில்தானே கிடைத்தது என்று. இல்லை. 1901, 1902 வாக்கில் ஈரானில் சூசாவில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியபோது கிடைத்தது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏலாம் அரசன் ஷுத்ருக்-நஹுந்தே கொள்ளைப் பொருளாகத் தூக்கிப்போனது. எடுத்த இடம் அநேகமாக சிப்பர், ஷமாஷின் ஊர். கீழ்ப் பகுதியில் சில பத்திகளைச் சுரண்டியிருக்கிறார்கள், தன் பெயரைப் பொறிக்க இடம் செய்திருப்பான் போல. பொறிக்காமலே விட்டுவிட்டான். அரசாங்க வேலை எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்.

14 ஜனவரி

சரி, ஐந்தாம் ரேங்க் ஆளுக்கு எதற்கு இவ்வளவு மவுசு? இதுதான் நான் சொல்ல வந்தது, கல்லில் மாட்டிக்கொண்டேன்.

காரணம் வெப்பமோ விளைச்சலோ இல்லை. தெற்கு இராக்கில் கோடையில் 45 டிகிரிக்கு மேல் போகும், அங்கே யாரும் "இன்னும் கொஞ்சம் வெயில் கொடு" என்று வேண்டப் போவதில்லை. மழைக்கும் புயலுக்கும் அதாத் என்று தனி ஆள். ஷமாஷின் வேலை பார்ப்பது. தினமும் கிழக்கே ஏறி மேற்கே இறங்குகிறவர், இடையில் நடக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார். எல்லாவற்றையும் பார்த்தவர் சாட்சி ஆகிறார். பொய் சொல்லாத சாட்சி இருந்தால் அவரையே நீதிபதியாக உட்கார வைத்துவிடலாம், வழக்கு சீக்கிரம் முடியும்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் 31 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். பிராது எழுதி, வாய்தா வாங்கி, நகல் மனு போட்டு ஓய்ந்த கை. அதனால்தான் இந்தக் கடவுளிடம் ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். மற்ற கடவுள்கள் உலகத்தைப் படைக்கிறார்கள், அரக்கியை வெட்டுகிறார்கள். இவர் எடைக்கல்லைச் சரிபார்க்கிறார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஷமாஷுக்கு 200 வரியில் ஒரு நெடும்பாடல் இருக்கிறது, நினிவேயில் அசீரிய அரசன் அஷூர்பானிபாலின் நூலகத்திலேயே பிரதிகள் கிடைத்தன. அதில் ஒரு பகுதி கடைத்தெரு. தராசைப் பிடிக்கும்போது தில்லுமுல்லு செய்கிறவன், இரண்டு ஜோடி எடைக்கல் வைத்திருக்கிறவன், இவர்களுக்கு லாபம் வராது, முதலும் போகும். தானியம் கடன் கொடுக்கும்போது நிறைய அளந்து கொடுக்கிறவனுக்கு ஆயுசு நீளும். லஞ்சம் வாங்கும் நீதிபதிக்குத் தண்டனை, கைநீட்டாமல் எளியவன் பக்கம் நிற்கிறவனுக்கு ஆயுசு. அப்புறம் யார் யார் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வரிசை: வழி கடினமான பயணி, பணப்பையோடு போகும் வியாபாரி, வலை வீசும் மீனவன், வேட்டைக்காரன், பறவை பிடிக்கிறவன். அதே வரிசையில் பதுங்கித் திரியும் திருடனும் வந்து நிற்கிறான், ஷமாஷின் எதிரி என்ற பட்டத்தோடு. அலைகிற ஆவிகளும் உண்டு. எங்கள் கோர்ட் வராந்தாவில் காலை பத்தேகாலுக்கு நிற்கும் கூட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆவிகளைத் தவிர. சில பழைய வழக்குக்காரர்களைச் சேர்த்தால் ஆவிகளும்தான்.

அந்தப் பாடலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. மாதத்தின் 20ஆம் நாள் ஷமாஷுக்கு உரிய நாள். அன்று அவர் சந்தோஷமாக இருக்கிறார், சாப்பிடுகிறார், பீர் குடிக்கிறார், அதுவும் கள்ளுக்கடைக்காரியின் பீர். கோயிலில் காய்ச்சியதில்லை, துறையடிக் கடையில் விற்பது. சம்பளம் வந்த குமாஸ்தா மாதிரி.

15 ஜனவரி

ராத்திரி அவர் டூட்டியில் இல்லை. பழைய பாபிலோனியக் காலத்து வேண்டுதல் ஒன்று, "இரவின் தெய்வங்களுக்கு" என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள், அதைப் படித்தால் நடுச்சாமத் தெருவில் நிற்கிற மாதிரி இருக்கும். பெரிய மனிதர்கள் தூங்கிவிட்டார்கள், தாழ்ப்பாள் போட்டாயிற்று, சத்தம் போட்ட ஜனங்கள் அடங்கிவிட்டார்கள், திறந்திருந்த கதவெல்லாம் மூடிவிட்டது. ஷமாஷ், சின், அதாத், இஷ்தார் நால்வரும் உறங்கப் போய்விட்டார்கள், வழக்கு விசாரிப்பதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. வழக்குள்ளவனும் தூங்குகிறான். உண்மையின் நீதிபதி, தகப்பனில்லாப் பெண்ணுக்குத் தகப்பன், ஷமாஷ் தன் அறைக்குள் போய்விட்டார். ஆகவே ராத்திரி குறி பார்க்க வேண்டிய பூசாரி வானத்து நட்சத்திரங்களைக் கூப்பிடுகிறான், நீங்களாவது நில்லுங்கள், நான் பார்க்கும் குறியில் உண்மையை வையுங்கள் என்று. விடுமுறைக்கால நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

15 ஜனவரி, இரவு

மேலே தூங்குகிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டேன், அது பாதிதான். இன்னொரு மரபுப்படி ராத்திரியில் அவர் பாதாளத்துக்குப் போய்ச் செத்தவர்களுக்கு நியாயம் சொல்கிறார், அதனால்தான் ஆவித் தொல்லைக்கும் அவரிடமே மனு. இரண்டும் ஒரே மக்கள் எழுதியது. ஆயாவோடு படுத்திருக்கிறாரா, பாதாளத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று யாரும் குறுக்கு விசாரணை செய்ததாகத் தெரியவில்லை.

18 ஜனவரி

இன்று கொஞ்சம் நீளமாகப் போகும், இதற்காகவே காத்திருந்தேன்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டு, அசீரியா. எசர்ஹத்தோனும் அவன் மகன் அஷூர்பானிபாலும் முக்கிய முடிவு எடுக்கும் முன் ஷமாஷிடம் எழுத்து மூலம் கேட்டார்கள். ஆட்டுக்கடாவை அறுத்து ஈரலைப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்வது. ஈரலில் ஒவ்வொரு வரிக்கும் மடிப்புக்கும் பெயர் உண்டு: "இருப்பு", "பாதை", "அரண்மனை வாசல்" இப்படி. கேள்விகள் களிமண் பலகையில் எழுதப்பட்டு நினிவேயில் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே வாசகத்தில் தொடங்கும்: "ஷமாஷே, பெரிய ஆண்டவரே, நான் கேட்பதற்கு உறுதியான ஆம் ஒன்றைத் தாரும்." பிறகு கெடு. இன்ன மாதம் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இத்தனை பகல் இத்தனை இரவு, அதுதான் நான் குறித்த காலம். கெடு இல்லாமல் கேட்டால் பதில் எப்போதைக்கு என்று தகராறு வரும் அல்லவா.

அப்புறம் கேள்வி. ஈரான் மலைப்பகுதி மேதியர் பக்கத்துத் தலைவன் கஷ்தரிது ஒரு ஊரைப் பிடிப்பானா என்று கேட்க வேண்டும். "பிடிப்பானா" என்று கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள். போரிட்டோ, வலுக்கட்டாயமாகவோ, சுரங்கம் தோண்டியோ, ஏணி வைத்தோ, மண்மேடு எழுப்பியோ, மதில் இடிக்கும் பொறியாலோ, பட்டினி போட்டோ, ஆணையிட்டு ஒப்பந்தம் செய்தோ, நைச்சியமாகப் பேசியோ, ஊர் பிடிக்கும் வேறு எந்தத் தந்திரத்தாலோ பிடிப்பானா. எதிரி தப்பிக்க ஒரு ஓட்டை கிடையாது. எங்கள் சீனியர் டிராஃப்ட் போட்டால் இப்படித்தான் இருக்கும். "மற்றும் இன்னபிற வகையிலோ" என்று ஒரு வால் கட்டாயம்.

ஆனால் உச்சம் அதற்கு அடுத்த பகுதி. "பொருட்படுத்தாதிரும்" என்று ஒரு வரிசை வரும், அக்காடியில் எஸிப். இன்றைய வழக்கைச் சொன்ன விதம் சரியோ தப்போ, பொருட்படுத்தாதிரும். தீட்டுள்ளவர் யாராவது இந்த ஆட்டைத் தொட்டிருந்தால், குறி பார்க்கும் இடத்துக்கு அருகில் வந்திருந்தால், பொருட்படுத்தாதிரும். ஆட்டிலேயே குறை இருந்தால், பொருட்படுத்தாதிரும். ஆட்டின் நெற்றியைத் தொடுகிறவன் அன்றாட அழுக்குத் துணி உடுத்தியிருந்தால், தகாததைத் தின்றோ குடித்தோ வந்திருந்தால், பொருட்படுத்தாதிரும். குறி பார்க்கும் என் வாயில் கேள்வி உளறிப் போயிருந்தால், அதையும் பொருட்படுத்தாதிரும்.

இதை முதல்முறை படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு நில வழக்கில் சர்வே எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 தட்டிவிட்டேன். கார்பன் தாள் மங்கல், என் கண் அவசரம். அந்த ஒற்றை எண்ணுக்காக மனு திரும்பி வந்து, திருத்தல் மனு போட்டு, எதிர்க்கட்சி ஆட்சேபணை சொல்லி, ஒன்றரை வருஷம் போயிற்று. வாதி ஒரு வயதான அம்மாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவார், என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனுவின் அடியில் "தட்டச்சுப் பிழை இருப்பின் பொருட்படுத்தாதிரும்" என்று ஒரு வரி போட அனுமதி இருந்திருந்தால்! அசீரிய அரசனுக்கு இருந்தது. அவன் குறிகாரனும் ஏதோ ஒரு நாள் எதையோ உளறி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான், அப்புறம்தான் அந்த வரி சேர்ந்திருக்கும். ஒவ்வொரு நிபந்தனை வரிக்குப் பின்னாலும் ஒரு சொதப்பல் உண்டு என்பது என் அனுபவம்.

18 ஜனவரி, பின்குறிப்பு

பதில் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு ஆட்டை அறுத்து மறுபரிசீலனை செய்வார்கள். மேல்முறையீட்டில் செலவு முழுக்க ஆட்டின் தலையில்.

19 ஜனவரி

ஒருவர் "அரசாங்க ரகசியத்தைக் குறிகாரன் காதில் போடுவார்களா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சில பலகைகளில் ஆள் பெயரே இருக்காது. "இந்தப் பப்பைரஸ் தாளில் பெயர் எழுதி உம் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் மனிதன்" என்று மட்டும் இருக்கும். இன்னாருக்குப் பதவி கொடுக்கலாமா, அவன் விசுவாசமாக இருப்பானா என்கிற வகைக் கேள்விகள். சீல் வைத்த உறை, கடவுள் மட்டும் படித்துக்கொள்வார். எசர்ஹத்தோன் தன் மகளை ஸ்கித்தியத் தலைவன் பர்ததுவாவுக்குக் கொடுப்பதற்கும் கேட்டிருக்கிறான், அது பெயரோடேயே. பெண் கொடுத்தால் வாக்குத் தவறாமல் இருப்பானா என்று. அப்பாக்கள் கேட்கும் கேள்விதான், ஆடு மட்டும் கூடுதல்.

21 ஜனவரி

அரத்தைப் பற்றி. அக்காட் காலத்து உருளை முத்திரைகளில் (கி.மு. 2300ஐ ஒட்டி) ஷமாஷ் இரண்டு மலைக்கு நடுவிலிருந்து எழும்புவார், கையில் பல் வைத்த கத்தி, ஏறக்குறைய ரம்பம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அத்தா என்ற எழுத்தனின் முத்திரை இருக்கிறது. உயரம் 4 செ.மீ.க்கும் குறைவு, அதற்குள் சிறகு முளைத்த இஷ்தார், தோளிலிருந்து நீரும் மீனும் பாயும் ஏயா, இரண்டு முகமுள்ள அவர் மந்திரி, நடுவில் மலையைப் பிளந்துகொண்டு இடுப்பளவு வெளியே வந்துவிட்ட ஷமாஷ். ரம்பம் மலையை அறுத்து வழி செய்ய, காலையில் வெளியே வர வேண்டுமே. அவ்வளவுதான்.

22 ஜனவரி

அவ்வளவுதான் இல்லை. ராத்திரி படுத்தபின் உறைத்தது. சுமேரியில் நீதிபதிக்கு டிகுத், வழக்கை வெட்டுகிறவன். அக்காடியில் தீர்ப்புக்குப் புருஸ்ஸு, அதுவும் வெட்டு என்ற வினையிலிருந்து வருவது. ஆக அந்த ரம்பம் மலைக்கு மட்டும் இல்லை, வழக்குக்கும்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நாமும்தானே சொல்கிறோம். அறுதியிட்டுச் சொன்னான் என்பதிலும் அறுப்பது இருக்கிறது. உடனே சுமேரியும் தமிழும் உறவு என்று யாரும் கிளம்ப வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டுவதும் முடிவெடுப்பதும் ஒன்று என்று எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றும்.

நேற்று "அரத்தைப் பற்றி" என்று ஆரம்பித்து ரம்பம் என்று முடித்திருக்கிறேன். அரம் வேறு, ரம்பம் வேறு. பொருட்படுத்தாதிரும்.

22 ஜனவரி, மாலை

சிப்பரில் இந்த ஆயுதச் சின்னத்தைக் கோயிலிலிருந்து வெளியே கொண்டுபோவார்கள். வயல் எல்லைத் தகராறு, பங்குத் தகராறு என்றால் சின்னம் அந்த இடத்துக்கே வரும், அதன் முன்னால் ஆணையிட வேண்டும். சூடம் அடித்துச் சத்தியம் செய் என்றால் நம் ஆள் ஒருவன் முகம் மாறும் பாருங்கள், அந்த முகம் சிப்பரிலும் மாறியிருக்கும். ஆணை மீறினால் ஷமாஷின் வலையில் விழுவான் என்பது பேச்சுவழக்கு. எத்தானா கதையில் கழுகும் பாம்பும் ஷமாஷ் பேரில் ஆணையிட்டு ஒரே மரத்தில் குடியிருக்கும், கழுகு பாம்புக் குட்டிகளைத் தின்னப் போகும்போது அதன் சின்னக் குஞ்சு "வேண்டாம் அப்பா, ஷமாஷின் வலை பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லும். அப்பா கேட்கவில்லை. ஷமாஷ் பாம்புக்கு வழி சொல்லித் தருகிறார்: செத்த எருதின் வயிற்றுக்குள் ஒளிந்துகொள். கழுகு இறகெல்லாம் பிடுங்கப்பட்டுக் குழியில் கிடக்கிறது. அங்கிருந்து தினமும் ஷமாஷையே கும்பிடுகிறது. அவர் "நீ கெட்டவன், கிட்டே வரமாட்டேன், ஆனால் ஒரு ஆளை அனுப்புகிறேன்" என்கிறார். தண்டனை கொடுத்தவரிடமே கருணை மனு, அவரும் வாங்கிக்கொள்கிறார்.

26 ஜனவரி

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மூன்று வருஷம் ஆகிறது, ஷமாஷ் பலகை என்று சொல்லும் சிப்பர் கோயில் கல்லை நேரில் பார்த்தேன். படங்களில் பெரிய கல்வெட்டு மாதிரி தெரியும். போனால் 29 செ.மீ. உயரம், ஏ4 தாள் அளவு, அகலம் அதைவிடக் குறைவு. பேரன் பசி என்று இழுத்துக்கொண்டிருந்தான், பத்து நிமிஷம்தான் கிடைத்தது. கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே ஷமாஷ் உட்கார்ந்திருக்கிறார், எதிரே பெரிய வட்டத்தகடு, நாலு முனை நட்சத்திரமும் நடுவில் நெளி நெளியாகக் கதிர்களும். அந்தத் தகட்டைப் பந்தல் மேலிருந்து இரண்டு பேர் கயிறு கட்டிப் பிடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பூசாரி அரசனின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். அரசன், கடவுளோடு ஒப்பிட்டால், ஸ்கூலுக்குப் போகும் பையன் சைஸ்.

எழுத்து சொல்லும் கதை இது. சுத்தியர் என்ற கூட்டம் சிப்பரைச் சூறையாடி ஷமாஷ் சிலையை அழித்துவிட்டது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஒரு அரசன் சிலையைத் தேடினான், கடவுள் முகம் காட்டவில்லை, சரி என்று வட்டத்தகட்டை மட்டும் வைத்துப் பூசை. பிறகு பஞ்சத்தில் படையலும் நின்றது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நபு-அப்ல-இத்தினா காலத்தில் யூப்ரடீஸின் மேற்குக் கரையில் பழைய சிலையின் சுட்டமண் மாதிரி ஒன்று கிடைக்கிறது. பூசாரி நபு-நாதின்-ஷுமி அதை அரசனிடம் காட்டுகிறான். அரசன் மகிழ்ந்து செம்பொன்னிலும் லாபிஸ் கல்லிலும் புதுச் சிலை செய்து வைக்கிறான்.

அழகான கதை. ஆனால் குமாஸ்தா புத்தி பலகையின் கடைசிப் பகுதியைத்தான் முதலில் தேடும். அங்கே பூசாரிக்கு என்னென்ன உரிமை என்று பட்டியல், பலியாட்டில் எந்தெந்தப் பாகம், எந்தெந்த உடை. இருநூறு வருஷம் காணாமல் போன சிலையின் மண்மாதிரி, மானியம் நின்றுபோன கோயிலின் பூசாரி கையில், சரியான நேரத்தில் ஆற்றங்கரையில் கிடைக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

26 ஜனவரி, இரவு

ஒன்றும் சொல்லவில்லை என்றதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பக்தியைச் சந்தேகிப்பதா என்று. சரி, இந்தப் பலகை உண்மையாகவே இருக்கட்டும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதே சிப்பரில், இந்தப் பலகையைத் தோண்டியெடுத்த அதே ஹோர்முஸ்த் ரஸ்ஸாம், அதே 1881இல் எடுத்த இன்னொரு கல் இருக்கிறது, சிலுவைபோல் பன்னிரண்டு பக்கம். அக்காட் அரசன் மனிஷ்துஷு எபாபருக்கு வருமானத்தை ஏற்றிக் கொடுத்ததாகச் சாசனம். மனிஷ்துஷு கி.மு. 23ஆம் நூற்றாண்டு. சாசனமோ பல நூற்றாண்டு பிந்தியது, கோயில்காரர்களே செய்த போலி. அதன் முடிவில் "இது பொய்யன்று, உண்மையே" என்று ஒரு வாசகம். முப்பத்தொரு வருஷத்தில் நான் பார்த்த போலிப் பத்திரங்கள் ஏழெட்டு இருக்கும், அவற்றில் ஒன்றுகூட "இது போலியல்ல" என்று தானாகச் சொல்லும் அளவுக்குப் போனதில்லை. அதுவும் உண்மையின் கடவுள் குடியிருக்கும் வீட்டில்.

2 பிப்ரவரி

கேள்வியில் அசீரியாவும் இருந்தது, ஈரலோடு நிறுத்திவிட்டேன். நிம்ருத் அரண்மனைச் சுவர்களில் (இரண்டாம் அஷூர்நாசிர்பால், கி.மு. 883 முதல் 859 வரை) சிறகு முளைத்த வட்டம் பறக்கும், உள்ளே ஒரு கடவுள், சண்டைக் காட்சியில் வில்லும் வளைப்பார். அது அஷூர், நாட்டின் தலைமைக் கடவுள் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பினேன், நிறையப் பேர் இன்னும் அப்படியே எழுதுகிறார்கள். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. காரணம் அதே அரசனின் கல்தூண்கள். அவற்றில் தலைக்கு நேரே சின்னங்கள் வரிசையாக இருக்கும்: கொம்புக் கிரீடம், பிறை, சிறகு வட்டம், நட்சத்திரம், மின்னல். கிரீடம் அஷூருக்கு, பிறை சின்னுக்கு, நட்சத்திரம் இஷ்தாருக்கு, மின்னல் அதாதுக்கு என்றால் மிச்சமிருக்கும் சிறகு வட்டம் ஷமாஷுக்குத்தான் போக வேண்டும். தூணில் ஷமாஷ், சுவரில் அஷூர் என்று ஒரே படம் இரண்டு பேருக்குச் சொந்தமாக முடியுமா? முடியும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஷமாஷ் பக்கம் சாய்வு, ஆனால் நான் அவர் கட்சிக்காரன், என் சாட்சியம் செல்லாது.

3 பிப்ரவரி

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்ற புகார் நியாயம். சிப்பரில் நதீது என்று ஒரு வகைப் பெண்கள், ஷமாஷுக்கு அர்ப்பணிக்கப்பட்டவர்கள், பிள்ளை பெறக் கூடாது, காகும் என்ற மதில் சூழ்ந்த இடத்தில் குடியிருப்பு. அதற்காக மூலையில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள், வயல் வாங்கினார்கள், வீடு வாடகைக்கு விட்டார்கள், வெள்ளி கடன் கொடுத்தார்கள், வழக்கும் போட்டார்கள். மாரி என்ற நகரத்தின் அரசன் ஸிம்ரி-லிமின் மகள் எரிஷ்தி-ஆயாவும் அங்கே இருந்தவள். அப்பாவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. எனக்கு வர வேண்டிய படியும் துணியும் வரவில்லை, எபாபரில் உனக்காக வேண்டிக்கொண்டிருக்கும் சின்னம் நான் இல்லையா, என்று கேட்கிறாள். அரசன் மகள், கடவுள் வீட்டில் வாசம், ரேஷன் வரவில்லை.

3 பிப்ரவரி, சேர்ப்பு

சூரியன் எங்கும் ஆண் என்று முன்னால் ஒருவர் எழுதியதற்கு: இல்லை. பக்கத்திலேயே சிரியாக் கடலோர நகரமான உகாரித்தில் ஷப்ஷ் பெண். இன்றைய துருக்கிப் பக்கத்து ஹித்தியருக்கு அரின்னாவின் சூரியதேவி. தென் அரேபியாவில் ஷம்ஸும் பெண். அரபியில் ஷம்ஸ், எபிரேயத்தில் ஷெமெஷ், எல்லாம் ஷமாஷின் ஒரே வேர்ச்சொல் குடும்பம்.

9 பிப்ரவரி

நபோனிடஸைச் சொல்லாமல் விடக்கூடாது. பாபிலோனின் கடைசி அரசன், கி.மு. 556 முதல் 539 வரை, ஆள் சந்திர பக்தன். ஆனாலும் சிப்பர் எபாபரைப் புதுப்பித்தான். அவனே சொல்வது: நெபுகத்நெசர் பழைய அஸ்திவாரத்தைத் தேடினான், கிடைக்கவில்லை, கிடைக்காமலே கட்டினான், 45 வருஷத்தில் சுவர் தொய்ந்துவிட்டது. நான் 18 முழம் தோண்டினேன், அக்காட் அரசன் நராம்-சின் போட்ட அஸ்திவாரம் கிடைத்தது, 3200 வருஷமாக எந்த அரசனும் காணாதது. அதன்மேல் ஒரு விரல்கூட விலகாமல் செங்கல் வைத்தேன்.

3200 என்பது தப்பு, இடைவெளி 1700 வருஷத்தை ஒட்டித்தான். ஆயிரத்தைந்நூறு வருஷம் அதிகம் போட்டுவிட்டான், அல்லது அவன் எழுத்தன் போட்டுவிட்டான். இருந்தாலும் காண்டிராக்டர் வேலையைக் குறை சொல்லிவிட்டு, கடப்பாரையோடு இறங்கிப் பழைய கோட்டைத் தேடின அந்த மனுஷன் எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டுப் பக்கத்து மனைக்கு அளக்க வந்த சர்வேயர் பழைய எல்லைக்கல்லைத் தேடாமல், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து டேப் பிடித்துவிட்டுப் போனார். கம்பம் நட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

9 பிப்ரவரி, இரவு 11.50

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 20 ஐந்தாம் ரேங்க் என்று கொஞ்சம் இளக்காரமாகவே எழுதியிருக்கிறேன். ஒன்று விட்டுப்போனது. அசீரிய எழுத்தர்கள் கடிதம் எழுதும்போது ஷர்ரு, அதாவது அரசன், என்று முழுசாக எழுத மாட்டார்கள். ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள், ஆப்பு வடிவில் இரண்டு கீறல். அந்த எண்ணும் 20தான். 30 இல்லை, 50 இல்லை. ஹமுராபியும் முன்னுரையில் தன்னைப் பாபிலோனின் சூரியன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான், சந்திரன் என்றில்லை. கேள்வி கேட்டவர் முழுக்கத் தப்பாகவும் கேட்கவில்லை போல. நாளை லார்சா பற்றி எழுதலாம் என்று இருந்தேன், கண் எரிகிறது.